செகண்ட் ஓனர்

விளம்பரத்தில் விலையை மூன்று லட்சத்து எண்பதாயிரம் என்று போடுவதா, மூன்று தொண்ணூறு என்று போடுவதா என்று போனை வைத்துக்கொண்டு நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் தங்கை பாண்டிசெல்வி காரின் பின்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டு வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றது வண்டி. வெள்ளை வேகன் ஆர். என் மச்சான் ஐயாதுரை 2016இல் புதிதாக எடுத்தது. அவர் நெஞ்சுவலியில் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. இந்த எட்டு மாதமும் ஒரு நாள் தவறாமல் அவள் வண்டியைத் துடைக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. சாவியைப் போட்டு ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு அணைக்க மட்டும் தெரியும். ஓடாமல் நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று மச்சான் எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தார்.

கார் விற்பதில் எனக்கு ஒரு அனுபவமும் கிடையாது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்தெட்டு வருஷமாக ஃபிட்டராக இருக்கிறேன். டிவிஎஸ் ஃபிஃப்டியைத் தாண்டி எதையும் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. ஆனால் தங்கைக்கு அண்ணன் என்று ஒருவன் இருந்தால் அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன்.

இந்தக் கார் ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியது. மச்சான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். கடை வாடகைக் கடை, அவரோடு போய்விட்டது. குடியிருந்த வீடு அவருடைய முதல் சம்சாரம் ஆவுடையம்மாள் பேரில் இருந்தது. அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. அது ஆவுடையம்மாளின் மகன் சோணைமுத்துவுக்குப் போகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோணைமுத்துவும் நல்ல பையன்தான், ஓசூரில் வேலை பார்க்கிறான். "சித்தி, வீட்டை வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். காரை நீங்க வச்சுக்கோங்க, வித்தா அந்தப் பணம் உங்களுக்குத்தான்" என்று காரியம் முடிந்த மறுநாளே சொல்லிவிட்டான். நாலு வயதிலிருந்து அவனுக்குத் தலை துவட்டி, சோறு ஊட்டி, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தவள் இவள்தான். ஆனாலும் சித்திதான். ராஜபாளையத்தில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து, நைட்டி தைக்க இரண்டு பவர் மிஷின் போட்டு உட்கார்ந்துவிடுவது என்பது அவளுடைய திட்டம். வீட்டுக்கு அட்வான்ஸும் மிஷினும் இந்த வண்டியிலிருந்துதான் வரவேண்டும்.

டைப் அடித்ததை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "வேகன் ஆர், 2016, பெட்ரோல். சிங்கிள் ஓனர். வீட்டு உபயோகம் மட்டும். நல்ல பராமரிப்பு. விலை மூன்று தொண்ணூறு. பேசிக்கொள்ளலாம்."

"மூணு தொண்ணூறுக்குப் போகுமாண்ணே?"

"எவன் கொடுப்பான்? சொல்லுற விலை வேற, விடுற விலை வேற. மூணு அறுபதுக்குக் கீழ எறங்கக் கூடாது. ஆனா அதை ஒருத்தர்ட்டயும் மூச்சு விட்றாத."

"அப்ப மூணு அறுபதுன்னே போட்டுற வேண்டியதுதான?"

"ஏட்டி, அப்படிப் போட்டா மூணு இருபதுக்குக் கேப்பான்."

அவள் மறுபடி துணியை எடுத்துக்கொண்டாள். பின்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 'ஆவுடையம்மாள் துணை' என்று ஒட்டியிருந்தது. சங்கரன்கோவில் அம்மன் பேர்தான் அது என்று வண்டி எடுத்தபோது மச்சான் சொன்னார். அம்மனுக்கும் அந்தப் பேர் உண்டுதான், அதனால் யாரும் ஒன்றும் கேட்க முடியவில்லை. செல்வி அந்த எழுத்துகளின் ஓரம் பிய்ந்துவிடாதபடி விரலால் துணியை அழுத்தி, மெதுவாகத் துடைத்தாள்.

'நல்ல பராமரிப்பு' என்று நான் அடித்த வார்த்தை என்னை என்னவோ செய்தது. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் கல்யாணத் தரகர் ஆண்டிச்சாமி மில் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். "முப்பத்தாறு வயசு. சம்சாரம் தவறிப்போச்சு, நாலு வயசுல ஒரு ஆம்பளப் பிள்ளை இருக்கு. நகை நட்டு ஒண்ணும் வேண்டாங்காவ. மொதக் கல்யாணம்னா இருபத்தஞ்சு பவுனுக்குக் கொறைஞ்சு எவன் வருவான் ஜெயபாண்டி? யோசிச்சுக்கோ" என்றார். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. செல்விக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. "எங்க செல்வி அடக்கமான பிள்ளை. சத்தமாப் பேசத் தெரியாது. சின்னப் பிள்ளையள நல்லாப் பாத்துக்கிடும்" என்று டீக்கடையில் நின்றபடியே சொல்லி முடித்தேன். டீக்குக் காசும் நானே கொடுத்தேன். தேதி வரை பேசிவிட்டு வீட்டுக்கு வந்துதான் அவளிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தப் பிள்ளைக்கு என்ன பேருண்ணே?" எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் பேரை நான் கேட்டிருக்கவில்லை.

விளம்பரம் போட்ட அன்றே போன் வர ஆரம்பித்தது. பாதிப் பேர் இரண்டே முக்காலுக்குக் கேட்டார்கள். மீதிப் பேர் போட்டோ மட்டும் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் நேரிலேயே வந்தார். அகமது கபீர் என்று பேர், ராஜபாளையத்தில் பாத்திரக்கடை. கூட அவர் மனைவி மெகராஜ் பேகமும் வந்திருந்தார். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி, பஸ் படி ஏற முடியவில்லையாம்.

கபீர் பாய் பானெட்டைத் திறந்து பார்த்தார். கதவுகளைத் தட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். குறை சொல்லி விலையைக் குறைக்கிற ஆள் இல்லை, நிஜமாகவே பார்த்தார். மெகராஜ் பேகம் முன் சீட்டில் உட்கார்ந்து, "ஏறி எறங்க நல்லாருக்கே" என்றார்.

"முன்னாடி நல்லாத்தான் இருக்கும்க்கா. நான் பின்னாடிதான் உக்காருவேன். முன்னாடி எங்க பையன் உக்காருவான்" என்றாள் செல்வி.

பையன் ஓசூருக்குப் போன பிறகு யார் உட்கார்ந்தது என்று அந்த அம்மா கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அதன் பிறகும் இவள் பின்னால்தான் உட்கார்ந்தாள். முன்னால் வா என்று அவர் கூப்பிடவில்லை, இவளாகப் போய் உட்காரவும் இல்லை. மச்சான் கெட்டவர் கிடையாது. குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார். வருஷா வருஷம் ஆவுடையம்மாளின் திதிக்கு, அவள் பிறந்த ஊரான மகாராஜபுரத்துக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு இந்தக் காரில் போவார். அன்றைக்கு மட்டும் செல்வி வீட்டில் இருப்பாள். "நீ வந்தா அவங்க மனசு சங்கடப்படும்" என்று அவர் ஒரு தடவை சொன்னது போதுமாக இருந்தது.

கபீர் பாய் பின்கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது தங்கச்சி பேரா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். எனக்கு மூத்தவ பேரு."

"ஓ, அக்காவா?"

"ஆமா, அக்காதான்" என்றாள் அவள்.

பேச்சு மூன்று அறுபதில் வந்து நின்றது. நான் மனதுக்குள் என் திறமையை மெச்சிக்கொண்டிருந்தபோது பாய் ஆர்.சி. கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "ஐயாதுரைங்கிறது?"

"எங்க வீட்டுக்காரரு. அவிய தவறி எட்டு மாசமாச்சு" என்றாள் செல்வி, நான் வாயைத் திறப்பதற்குள்.

பாய் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. அப்ப இது மொத தங்கச்சி பேருக்கு மாறணும். அவிய செகண்ட் ஓனர் ஆயிருவாவ. பொறவு நான் தேர்டு ஓனர். நாளைக்கு நான் விக்கப் போனா மூணாவது கை வண்டின்னு தள்ளிருவான். மூணு அறுபதுங்கிறது சிங்கிள் ஓனருக்குப் பேசினது. இப்படின்னா மூணு இருபதுக்கு மேல எனக்குக் கட்டாது." மறுபடி கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மனிதன் செத்துப்போனதற்கு நாற்பதாயிரம் அபராதமா? மறுநாள் மில் கேன்டீனில் சிவனாண்டியிடம் சொல்லிப் புலம்பினேன். அவனுக்கு வண்டி விவகாரம் எல்லாம் அத்துப்படி. அவன் வடையைப் பிய்த்துக்கொண்டே சிரித்தான். "ஏலே, நீ ஏன் வாரிசு கீரிசுன்னு போற? அவரு சாகுறதுக்கு முந்தியே வித்த மாதிரித் தேதி போட்டு, ஃபாரத்துல அவரு கையெழுத்தைப் போட்டுரு. நேரா பாய் பேருக்கே மாறிரும். அவரு போன் நம்பர் உயிரோட இருக்குல்லா? ஓடிபி அதுக்குத்தான் வரும்."

நம்பர் உயிரோடுதான் இருந்தது. செல்வி மாதா மாதம் அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

அந்த வாரமே ஃபாரங்களை வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சாமான்களைக் கட்டி வைக்க அட்டைப்பெட்டிகள் வாங்கி ஹாலில் அடுக்கியிருந்தாள். நான் தரையில் ஃபாரங்களை விரித்து, பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டினேன்.

"இந்த எடத்துல எல்லாம் அவிய கையெழுத்தைப் போட்டுரு. உனக்கு அது நல்லா வரும்லா?"

வரும். சோணைமுத்துவின் ரேங்க் கார்டுகளில் எல்லாம் அவள்தான் போட்டிருக்கிறாள். மச்சான் காலையில் கடைக்குப் போய்விடுவார், பையன் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று அழுவான். தாயார் பெயர் என்ற இடத்தில் ஆவுடையம்மாள் என்று ஏற்கெனவே எழுதியிருக்கும். தகப்பனார் கையெழுத்து என்ற இடத்தில் இவள் அச்சு அசலாக 'ஐயாதுரை' என்று போட்டு அனுப்புவாள். கடைசி எழுத்தை அவர் இழுத்து மேலே கொண்டுபோகிற மாதிரியே இவளும் கொண்டுபோவாள்.

பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஃபாரத்தை முழுக்கப் படித்தாள். பிறகு கேட்டாள்.

"எம்பேருக்கு மாத்துனா அந்தக் கார்டுல என்னண்ணே போட்டிருக்கும்?"

"உம்பேரு இருக்கும். கணவர் பேரு ஐயாதுரைன்னு இருக்கும். செகண்ட் ஓனர்னு இருக்கும். அதுதான வினையே."

"வேற யாரு பேரும் இருக்காதுல்லா?"

"வேற யாரு பேரு இருக்கப் போவுது?"

அவள் பேனாவை மூடிக் கீழே வைத்தாள். "அப்ப எம்பேருக்கு மாத்துண்ணே."

எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு கத்தினேன். நாற்பதாயிரம் என்றால் எவ்வளவு என்று தெரியுமா, இரண்டு மிஷின் காசு, நீ ஒரு வருஷம் குனிந்து தைத்தாலும் மிச்சம் பிடிக்க முடியாத காசு என்று கத்தினேன். இரண்டு மாதத்துக்குக்கூட உன் பேர் அதில் நிற்கப் போவதில்லை, பாய் பேருக்கு மாறிவிடும், அதற்கா இத்தனையும் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுச் சன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தமாகப் பேசத் தெரியாது என்று நான் விளம்பரம் செய்த பிள்ளை.

"அவிய பேரை எத்தனையோ தடவ போட்டுட்டேன்ணே. எம்பேர எங்கயும் போட்டதில்ல. கல்யாணத்த பதியக்கூட இல்ல. எனக்கு ஒரு கார்டுல வேணும்."

"நாப்பதாயிரம்டி!"

"அன்னைக்கு என்னை அனுப்பும்போது இருபத்தஞ்சு பவுனு மிச்சம் பண்ணுனியே, அதுல கழிச்சுக்கிடு."

கோபமாகச் சொல்லவில்லை. சாமான் கட்டுகிற கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். இருபத்தொரு வருஷம் அவள் அதை வைத்திருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வருஷா வருஷம் தீபாவளிக்கு நான் அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அவளும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டிருக்கிறாள், அப்போதெல்லாம் இது உள்ளே இருந்திருக்கிறது. ஃபாரங்களை எடுத்து மடித்துக்கொண்டு வெளியே வந்து, கொட்டகைக்குள் காருக்குப் பின்னால் நின்று அழுதேன். ஐம்பத்துநான்கு வயதில் அப்படி அழுவது எனக்கே அசிங்கமாக இருந்தது.

வாரிசுச் சான்றிதழ் வாங்கவும், சோணைமுத்து வந்து ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கவும், பேர் மாறவும் மூன்று மாதம் ஆயிற்று. கார்டு தபாலில் வந்த அன்று செல்வி எனக்கு போன் செய்தாள். "வந்துட்டுண்ணே" என்றாள், அவ்வளவுதான். நான் ஷிப்ட் முடிந்து போனபோது அதைக் காட்டினாள். பாண்டிசெல்வி. கணவர் ஐயாதுரை. கொஞ்சம் தள்ளி, எத்தனையாவது உரிமையாளர் என்ற இடத்தில் இரண்டு. அன்றைக்கு அவள் பாயசம் வைத்திருந்தாள். துக்கம் வருஷம் திரும்பாத வீட்டில் பாயசமா என்று பக்கத்தில் கேட்பார்கள் என்று கதவைச் சாத்திவைத்துக் கொடுத்தாள்.

கபீர் பாய்க்கு அதுவரை வேறு வண்டி அமையவில்லை. நான் கூப்பிட்டதும் மறுநாள் காலையிலேயே மெகராஜ் பேகத்தோடு வந்துவிட்டார். வழக்கப்படி என்னிடம் ஆரம்பித்தார். "அண்ணாச்சி, மூணு இருபதுக்கு முடிச்சிருவோமா?"

"ஓனர் நான் இல்ல பாய். அவட்டக் கேளுங்க" என்றேன்.

அவர் திரும்பினார். செல்வி முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, "மூணு அறுபது" என்றாள்.

"தங்கச்சி, அது சிங்கிள் ஓனருக்குப் பேசினதுலா. இப்ப செகண்ட் ஆயிட்டுதே."

"ஆயிட்டுது பாய். அதுக்கு ஏன் கொறையணும்? அதே வண்டிதான? பதினோரு மாசம் எங்கையில இருந்திருக்கு. எங்கயாவது ஒரு கீறல் விழுந்திருக்கா, பாருங்க."

"கீறல் இல்லம்மா. மார்க்கெட்டு அப்படி."

"ரெண்டாவதா வந்தவன்னா பாத்துக்கிட மாட்டான்னு மார்க்கெட்டுல யாரு சொன்னா?"

குரல் உயரவே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெகராஜ் பேகம் பின்கண்ணாடியில் இருந்த பேரைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புருஷனின் சட்டைக் கையைத் தொட்டு, "பேரம் பேசாதிய, கூட்டிக் கொடுங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

பாய் மூன்று நாற்பது தருவதாகச் சொன்னார். அவரால் முடிந்தது அவ்வளவுதான், அவர் கடை எனக்குத் தெரியும். செல்வி சரி என்றாள். பணத்தை அவள் கையில்தான் கொடுத்தார். எண்ணாமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, ஃபாரத்தில் பதிவுபெற்ற உரிமையாளர் என்று இருந்த இடங்களில் எல்லாம் 'ஐ. பாண்டிசெல்வி' என்று கையெழுத்துப் போட்டாள். புருஷன் பேரின் முதல் எழுத்தை அவள் இனிஷியலாகப் போட்டு நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கடைசி எழுத்தை இழுத்து மேலே கொண்டுபோகவில்லை. சின்னதாக, நேராக இருந்தது.

மெகராஜ் பேகம் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பாய் இஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கி வந்தார்.

"கார்டு தங்கச்சி" என்று கையை நீட்டினார்.

செல்வி அதை உள்ளங்கையில் வைத்திருந்தாள். "இது எனக்குத் திரும்பி வருமா பாய்?"

"வராதும்மா. இதைக் கொடுத்தாத்தான எம்பேருக்குப் புதுசு வரும்."

"சரி" என்றாள். ஆனால் கையைத் திறக்கவில்லை.

கொடுத்துரு செல்வி என்று சொல்ல வேண்டியவன் நான். அப்படிச் சொல்வதற்குத்தான் அண்ணன் என்று ஒருவனை நிற்க வைத்திருக்கிறார்கள். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் மணவறையில், மச்சானுக்குப் பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்க, ஏறி உட்காராமல் தயங்கி நின்றவளிடம் "போத்தா, போயி உக்காரு" என்று சொன்னவன்தான் நான். இப்போது வாய் வரவில்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். காருக்குள் அந்த அம்மா பெல்ட்டைப் போடாமல் மடியில் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி காத்திருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பாய் நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, செல்வி கட்டை விரலால் கார்டிலிருந்த தன் பேரை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, தூசி இருக்கிற மாதிரி, மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.